தோண்டியவர் சாலையை ஒப்படைக்கும் வரை அனுமதி முடியக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் சாலை வெட்டு பற்றிய செய்திகள் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. எங்கே வெட்ட அனுமதி, எப்போது தடை என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. வெட்டிய இடம் மறுபடி சாலையாவது எப்போது என்ற கேள்வியை யாரும் எழுப்பக் காணோம்.

குடிநீர்க் குழாயோ மின்கம்பியோ கண்ணாடியிழை கேபிளோ பதிக்க வேண்டுமானால் மாநகராட்சியிடம் விண்ணப்பித்து, சீரமைப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். போக்குவரத்துக்கு இடையூறு என்றால் போக்குவரத்துக் காவல்துறையின் ஒப்புதலும் வேண்டும். வேலை முடிந்ததும் பள்ளத்தை மூடிவிட்டு ஒப்பந்ததாரர் கிளம்பிவிடுவார். மேலே தார் போடுவது பெரும்பாலும் பிறகு, வேறொருவர் கையால் நடக்கும் வேலை. பணம் கட்டியாயிற்று, நம் வேலை தீர்ந்தது என்று தோண்டியவர் நினைக்கிறார். இடைப்பட்ட நாட்களில் அந்தப் பள்ளத்துக்குப் பொறுப்பாளரே இல்லை. மக்கள் விழுவது அந்த நாட்களில்தான்.

எங்கள் தெருவில் சென்ற ஆண்டு கேபிள் பதித்தார்கள். இரவோடு இரவாக வெட்டி, தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளி, மேலாகக் கொஞ்சம் ஜல்லியைப் பரப்பிவிட்டு விடிவதற்குள் போய்விட்டார்கள். தடுப்பு என்று விட்டுச் சென்றது இரண்டு கழிகளும் அவற்றில் கட்டிய ஒரு நாடாவும்தான். முதல் மழைக்கே மண் இறங்கி, தெரு நெடுக ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் விழுந்தது. தண்ணீர் தேங்கியதும் எது சாலை, எது பள்ளம் என்று தெரியவில்லை. பால் போடும் பையன் வண்டியோடு சரிந்து முழங்கை பெயர்ந்தான். அதன் பிறகு எதிர்வீட்டுப் பெரியவர் முருங்கைக் கிளை ஒன்றை ஒடித்து அங்கே நட்டுவைத்தார். அந்தத் தெருவில் எங்களுக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கைப் பலகை அதுதான். வெட்டியது யார், யாரிடம் கேட்பது என்று எழுதிய ஒரு துண்டுத் தகரம்கூட அங்கே இல்லை.

பள்ளத்தை மூடுவது மண்ணை அள்ளிக் கொட்டும் வேலை அன்று. அரை அடிக்கு ஓர் அடுக்காக மண் இட்டு, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அடியில் மண் இளகிக் கிடந்தால், மேலே எவ்வளவு நேர்த்தியாகத் தார் போட்டாலும் அது உள்வாங்கிவிடும். அடுக்கடுக்காக இடித்தார்களா என்பதை அன்றைக்கே நின்று பார்த்தால்தான் உண்டு. தார் போட்ட பிறகு வந்து பார்க்கும் பொறியாளருக்கு எதுவும் தெரியாது.

வேலைக்காகச் சாலையின் ஒரு பகுதியை அடைப்பதற்கும் முறை இருக்கிறது. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்.பி. 55 என்ற வழிகாட்டி, வேலை நடக்கும் சாலையை நான்கு பகுதிகளாகப் பிரிக்கிறது: முன்கூட்டி எச்சரிக்கும் பகுதி, வாகனங்கள் தடம் மாறும் பகுதி, வேலை நடக்கும் பகுதி, பழைய தடத்துக்குத் திரும்பும் பகுதி. மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணி நடக்கும் பெரிய சாலைகளில் உயரமான தடுப்புகளையும் மாற்றுப்பாதைப் பலகைகளையும் பார்க்கிறோம். தெருவில் நடக்கும் சிறு வேலை என்றால் மட்டும் நாடா போதும் என்பது என்ன நியாயம்? விழுகிறவனுக்கு எலும்பு ஒன்றுதானே.

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மாநகராட்சி சாலை வெட்டுக்குத் தடை விதிப்பதை வரவேற்கிறேன். ஆனால் தடைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வெட்டி, அரைகுறையாக மூடிய பள்ளங்கள் மீதுதான் அந்த மழை பெய்கிறது. தடை தொடங்கும் நாளில் புதிய வெட்டு இல்லை என்று சொன்னால் போதாது, பழைய வெட்டு ஒன்றுகூட மூடாமல் இல்லை என்றும் மாநகராட்சி சொல்ல வேண்டும்.

லண்டனில் நெரிசல் மிகுந்த சாலைகளை நெரிசல் நேரத்தில் அடைத்து வேலை செய்தால், நாளொன்றுக்கு 2,500 பவுண்டு வரை வாடகை வாங்கும் முறை 2012 முதல் இருக்கிறது. நாள் கூடினால் செலவும் கூடும் என்பதால் வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறார்கள். நியூயார்க்கில் புதிதாகத் தார் போட்ட சாலைக்கு 5 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. அதற்குள் வெட்ட வேண்டுமானால் கட்டுப்பாடுகள் கடுமை. இங்கே தார் மணம் போவதற்குள் வெட்டுகிறார்கள். குழாய் உடைந்தால் உடனே தோண்டித்தான் ஆக வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. மாதக்கணக்கில் திட்டமிட்டுப் பதிக்கும் கேபிளுக்கு என்ன அவசரம்? தோண்டப்போகும் இடத்தில் யார் யாருடைய கம்பிகளும் குழாய்களும் இருக்கின்றன என்று முன்கூட்டியே விசாரிக்க மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியையே வெளியிட்டிருக்கிறது.

மாநகராட்சிக்கு என் வேண்டுகோள் இது. சீரமைப்புக் கட்டணத்தோடு ஒரு காப்புத்தொகையும் வாங்குங்கள். வெட்டிய இடம் ஒரு பருவமழையைத் தாங்கி நின்ற பிறகு, வார்டு பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்டால் மட்டும் அதைத் திருப்பிக் கொடுங்கள். அதுவரை அனுமதி எண், வேலை முடிய வேண்டிய தேதி, ஒப்பந்ததாரர் பெயர், பொறுப்புப் பொறியாளரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய பலகை அந்த இடத்தில் நிற்க வேண்டும். பலகை இல்லாத வெட்டை அனுமதியில்லாத வெட்டாகவே கருதி வேலையை நிறுத்த உதவிப் பொறியாளருக்கு உத்தரவிடுங்கள். அடுத்த பருவமழைத் தடை அறிவிப்பிலேயே இதைச் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை.