அந்த உடை எந்த நிறம்? ஓர் அச்சுக்காரரின் மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் 'இந்த உடை உங்கள் கண்ணுக்கு எந்த நிறம்?' என்ற தலைப்பில் ஒரு படம் வந்திருந்தது. அதன் கீழே மூன்று வரிகள்: நீலமும் கறுப்பும் தெரிந்தால் இடப்பக்க மூளை வலுவானது, வெள்ளையும் பொன்னிறமும் தெரிந்தால் வலப்பக்க மூளை வலுவானது, வேறு ஏதேனும் தெரிந்தால் உடனே கண் மருத்துவரைப் பார்க்கவும். படத்தைப் போட்டதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த மூன்று வரிகள்மீதுதான் என் வழக்கு. ஆஃப்செட் எந்திரத்தின் பக்கத்தில் லூப்பும் (அச்சுப் புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி) கையுமாக நின்று, நிறம் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்து ஓய்வுபெற்றவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் படம் 2015 பிப்ரவரியில் உலகைக் கலக்கியது. ஒரு திருமணத்துக்கு உடுத்துவதற்கான உடையைப் படமெடுத்து அனுப்ப, அதைப் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டார்கள். உடையின் உண்மையான நிறம் நீலமும் கறுப்பும். அதை விற்ற பிரிட்டிஷ் நிறுவனமே சொல்லிவிட்டது. ஆனால் உடை வேறு, படம் வேறு. படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, துணிப் பகுதியின் ஒரு புள்ளியைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள்: வெளிர்நீலம். சரிகைப் பின்னல் போன்ற பட்டையில் ஒரு புள்ளியைப் பாருங்கள்: சேற்றுப் பழுப்பு. படத்தின் உடைப் பகுதியில் அப்பழுக்கற்ற வெள்ளையும் கிடையாது, கறுப்பும் கிடையாது.

கணினி இல்லாதவர்கள் ஒரு சாம்பல் நிற அட்டையில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, அதைப் படத்தின்மேல் வைத்து நகர்த்திப் பார்க்கலாம். முகம் சுளித்துக்கொண்டு எதிரெதிர் கட்சியில் நிற்பவர்கள்கூட, துளை வழியாகப் பார்க்கும்போது ஏறக்குறைய ஒரே பதிலுக்கு வந்துவிடுவார்கள். அட்டையை எடுத்ததும் மறுபடியும் சண்டை. கண்ணுக்குள் நுழையும் ஒளி இருவருக்கும் ஒன்றுதான். அட்டை மறைத்திருந்த சுற்றுப்புறத்தைப் பார்த்து மூளை எடுக்கும் முடிவில்தான் வேறுபாடு.

என்ன முடிவு அது? ஒரு பரப்பிலிருந்து கண்ணுக்கு வருவது அந்தப் பரப்பின் நிறம் மட்டும் அல்ல, அதன்மேல் விழுந்த வெளிச்சத்தின் நிறமும் சேர்ந்தது. மாலை வெயிலில் வெள்ளைத்தாள் அனுப்பும் ஒளி மஞ்சள் கலந்தது. நிழலில் அதே தாள் அனுப்புவது நீலம் கலந்தது, ஏனென்றால் நிழலுக்கு வெளிச்சம் தருவது வானம். இருந்தும் தாளை நாம் வெள்ளை என்றே பார்க்கிறோம். மூளை ஒரு நல்ல கணக்குப்பிள்ளைபோல, வெளிச்சத்தின் பங்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சத்தைப் பொருளின் நிறமாக நம்மிடம் ஒப்படைக்கிறது. இந்தக் கழித்தல் நடப்பது நமக்குத் தெரிவதே இல்லை.

கழிக்க வேண்டுமானால் விழுந்த வெளிச்சம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். வழக்கமான படத்தில் ஒரு முகமோ, கையோ, வெள்ளைச் சுவரோ இருந்து துப்புக் கொடுக்கும். இந்தப் படத்தில் அப்படி எதுவும் இல்லை. உடை சட்டகத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. பின்னால் ஒரு மூலை கண் கூசும்படி வெளுத்துக் கிடக்கிறது. வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது, உடை நிழலில் இருக்கிறது என்று ஒரு மூளை எண்ணுகிறது. அது நீலத்தை நிழலின் கணக்கில் எழுதிக் கழித்துவிடுகிறது. மிஞ்சுவது வெள்ளையும் பொன்னிறமும். மஞ்சள் கலந்த பலத்த வெளிச்சம் உடையின்மேலேயே விழுகிறது என்று இன்னொரு மூளை எண்ணுகிறது. அது மஞ்சளைக் கழிக்கிறது. மிஞ்சுவது நீலமும் கறுப்பும். படத்தில் உள்ள தகவலை வைத்துப் பார்த்தால் இரண்டு கழித்தலுக்கும் இடம் இருக்கிறது.

இந்தக் குழப்பம் நீலத்தில் வந்ததும் தற்செயல் அல்ல. பகல் வெளிச்சம் நாள் முழுவதும் மாறுவது மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையில்தான். அந்தத் திசையில் வரும் சாயலை வெளிச்சத்தின்மேல் போட்டுத் தப்பித்துக்கொள்ள மூளைக்குப் பழக்கம் உண்டு, அதிலும் நீலச் சாயல் என்றால் கூடுதல் தாராளம். அதே ஆண்டு ஆய்வாளர்கள் படத்தின் நிறங்களைத் தலைகீழாக்கி, நீலம் இருந்த இடத்தில் மஞ்சள் வரும்படி செய்து காட்டினார்கள். சண்டை அடங்கிவிட்டது, பெரும்பாலானோர் துணியை மஞ்சள் என்றே சொன்னார்கள்.

இனி உங்கள் மூன்றாவது வரிக்கு வருகிறேன். 2015இல் 'கரண்ட் பயாலஜி' ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரைக்காக 1,401 பேரிடம் இந்தப் படத்தைக் காட்டிக் கேட்டார்கள். 57 விழுக்காட்டினர் நீலமும் கறுப்பும் என்றார்கள், 30 விழுக்காட்டினர் வெள்ளையும் பொன்னிறமும் என்றார்கள். 11 விழுக்காட்டினர் நீலமும் பழுப்பும் என்றார்கள். பழுப்பு! படத்தின் புள்ளிகளில் உள்ளது அதுதானே? நீங்கள் கண் மருத்துவரிடம் அனுப்பிவைத்தவர்கள், அச்சில் இருப்பதை இருந்தபடி சொன்னவர்கள். எங்கள் தொழிலில் அப்படிப்பட்ட கண் கிடைத்தால் விடமாட்டோம். எதிர்வீட்டுச் சிறுமி "எனக்கு வெளிர்நீலமும் பழுப்பும்தான் தெரிகிறது தாத்தா, எனக்குக் கண் கெட்டுவிட்டதா?" என்று பத்திரிகையுடன் வந்து நின்றாள். அட்டைத் துளை வித்தையைக் காட்டி அவளை அனுப்பினேன். அவளுடைய அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் அதிக நேரம் பிடித்தது. அச்சில் வந்ததை மறுத்துப் பேசுபவனை அவ்வளவு சீக்கிரம் நம்புவார்களா?

முதல் இரண்டு வரிகளும் தேறாது. மூளையின் ஒரு பாதி ஓங்கியவர், மறுபாதி ஓங்கியவர் என்று மனிதர்களைப் பிரிப்பதற்கே அறிவியல் ஆதாரம் கிடையாது. 2017இல் பாஸ்கல் வாலிஷ் என்ற நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர் ஏறத்தாழ 13,000 பேரிடம் விசாரித்தார். உடை நிழலில் இருக்கிறது என்று எண்ணியவர்களுக்கு வெள்ளையும் பொன்னிறமும் தெரியும் வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்தது. அதிகாலையில் எழும் பழக்கமுள்ளவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். இரவில் விழித்திருப்பவர்கள் நீலத்தின் பக்கம் சாய்ந்தார்கள். பகல் வெளிச்சத்தில் அதிகம் வாழ்ந்தவரின் மூளை பகல் வெளிச்சத்தை ஊகிக்கிறது, விளக்கொளியில் அதிகம் வாழ்ந்தவரின் மூளை விளக்கை ஊகிக்கிறது என்பது அவருடைய விளக்கம். இதுவும் சராசரிச் சாய்வுதான். இதை வைத்து எதிரில் இருப்பவருக்கு ஜாதகம் கணித்துவிடாதீர்கள்.

கண்ணிலேயே வேறுபாடு உள்ளவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் நிறமிகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அந்தக் குறைபாடு ஆண்களிடம்தான் அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காடு என்பார்கள். வயதானால் கண்வில்லை மஞ்சளாகிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு நீலம் புதிதாகத் தெரிகிறது என்று என் வயதுக்காரர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நிறக்குறைபாட்டைச் சோதிக்க 1917 முதல் இஷிஹாரா அட்டைகள் இருக்கின்றன. அந்த வேலையை இந்த உடைப் படம் செய்யாது.

ஒரே படத்தைப் பார்த்து இருவர் சண்டையிடுவதை நான் முதன்முதலில் கண்டது இணையத்தில் அல்ல, அச்சகத்தில். புரூஃபை, அதாவது சரிபார்க்க எடுக்கும் மாதிரித் தாளைப் பார்த்து ஒரு பங்குதாரர் "சிவப்பு ஏறிவிட்டது" என்பார். மற்றவர் அதே தாளை ஜன்னலோரம் கொண்டுபோய் "சிவப்பே போதாது" என்பார். இதனால்தான் அச்சுத் தொழிலில் பகல் வெளிச்சத்தை ஒத்த 5,000 கெல்வின் வெளிச்சம் பொருத்திய, சாம்பல் வண்ணம் பூசிய பெட்டிக்குள் வைத்துத்தான் நிறம் பார்க்க வேண்டும் என்று விதி. சாம்பல் பூச்சுக்கும் காரணம் உண்டு. பாரிஸில் கோபலான் திரைச்சீலை ஆலையில் 1824இல் சாயப் பிரிவின் பொறுப்பேற்ற வேதியியலர் ஷெவ்ரலிடம், கறுப்பு நூலில் சாயம் பற்றவில்லை என்று நெசவாளர்கள் முறையிட்டார்கள். அவர் வேறு ஆலைகளின் நூலோடு ஒப்பிட்டார். சாயத்தில் குறையே இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததால்தான் கறுப்பு சோர்ந்து தெரிந்தது. அதைத் துருவித் துருவி ஆராய்ந்து 1839இல் பெரிய நூலே எழுதிவிட்டார். நான் வேலையில் இருந்தபோது வாடிக்கையாளர் "மை சரியில்லை" என்றால், நான் முதலில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

கடைசியாக ஒன்று. இந்தப் படத்தை நியூஸ்பிரிண்டில் அச்சிட்டுச் சோதனை நடத்தவே முடியாது. அந்தத் தாள் தானே வெள்ளை அல்ல. மை ஊறிப் புள்ளிகள் பருத்துவிடும். லூப் வைத்துப் பார்த்தேன்: துணிப் பகுதியில் சயான் (பச்சை கலந்த நீல மை) புள்ளிகளும் அவற்றுக்கிடையே மெஜந்தாவும் (ஊதா கலந்த சிவப்பு மை), பட்டையில் மஞ்சள், மெஜந்தா, கறுப்பு மூன்றும் அப்பிக் கிடக்கின்றன. கைப்பேசித் திரையில் பார்த்தவரும் பத்திரிகையில் பார்த்தவரும் பார்த்தது ஒரே படம் என்று சொல்வதற்கில்லை. மறுபடி இதை வெளியிடுவதானால், ஒரே பட்டையை மஞ்சள் வெளிச்சச் சூழலில் ஒன்று, நீல நிழற்சூழலில் ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வழவழப்பான தாளில் அச்சிடுங்கள். வாசகரைப் பார்த்து "நீங்கள் எப்படிப்பட்டவர்?" என்று கேட்காமல், "இந்த உடைமேல் எந்த வெளிச்சம் விழுகிறது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். மூன்று வரிகளுக்கும் திருத்தம் போட இடமில்லை என்றால், மூன்றாவதுக்கு மட்டுமாவது வரும் ஞாயிறே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி

பி.கு.: என் பிரதியில் அந்தப் பக்கம் முழுவதும் மெஜந்தா அரைப் புள்ளி நழுவியிருக்கிறது. பிளேட்டைச் சரிபார்க்கச் சொல்லவும்.