டிராகுலாவில் வரும் சிலுவை வெறும் தாயத்தன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான இரத்தக்காட்டேரிக் கதைகள் பற்றிய கட்டுரை, அவற்றில் வரும் சிலுவை பேய் விரட்டும் தாயத்தேயன்றி வேறில்லை என்று முடித்திருந்தது. பிற்காலத் திரைப்படங்கள் பலவற்றுக்கு இது பொருந்தலாம். பிராம் ஸ்டோக்கர் எழுதி 1897இல் வெளியான 'டிராகுலா' நாவலுக்குப் பொருந்தாது.

விடுதிக்கார மூதாட்டி தன் கழுத்திலிருந்த பாடுபட்ட சிலுவையைக் கழற்றி நீட்டும்போது, இரத்தக்காட்டேரியான டிராகுலா பிரபுவின் கோட்டைக்குப் பயணம் செய்யும், ஆங்கிலத் திருச்சபை என்னும் புரொட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்த ஜோனத்தன் ஹார்க்கர், அது விக்கிரக வணக்கத்தின் சாயலுடையது என்று போதிக்கப்பட்டவனாதலால் தடுமாறுகிறான். ஒரு புரொட்டஸ்டண்ட் வீட்டில் வெறும் சிலுவையும் அடுத்த கத்தோலிக்க வீட்டில் இயேசுவின் சுரூபத்தோடு கூடிய சிலுவையும் மாட்டியிருப்பதைப் பார்த்து வளர்ந்த பாளையங்கோட்டைக்காரர்களுக்கு அந்தத் தடுமாற்றத்தை விளக்கவே வேண்டாம். பின்னர் கோட்டையில் சவரம் செய்யும்போது வெட்டுப்பட்டுக் கசியும் இரத்தத்தைக் கண்டு அவன் கழுத்தை நோக்கிப் பாயும் பிரபு, சிலுவை கோத்த மணிமாலை கையில் பட்டதும் அடங்கிவிடுகிறான். ஒதுக்கும்படி கற்பிக்கப்பட்ட பொருளே தனிமையில் ஆறுதலானதை எண்ணி ஹார்க்கர் வியக்கிறான். டப்ளினில் புரொட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்தவர் இதை எழுதினார் என்பது சாதாரண விஷயமன்று.

ஆனால் நாவலின் உயிர்நாடி, அப்பத்தையும் திராட்சரசத்தையும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகப் பெற்றுக்கொள்ளும் திருவிருந்தாகிய நற்கருணைதான். "என் மாம்சத்தைப் புசித்து, என் இரத்தத்தைப் பானம்பண்ணுகிறவனுக்கு நித்தியஜீவன் உண்டு" என்று ஆண்டவர் தம்மையே கொடுக்கிறார். பிரபுவோ பிறர் இரத்தத்தை எடுத்துச் சாகாமல் கிடக்கிறான். தன் மார்பிலிருந்து வழியும் இரத்தத்தை ஹார்க்கரின் மனைவி மீனா பருகும்படி அவன் பலவந்தப்படுத்தும் காட்சி, திருவிருந்தை அப்படியே தலைகீழாக்கிக் காட்டுகிறது. மனநல விடுதியில் நோயாளியான ரென்ஃபீல்டு கூவும் "இரத்தமே உயிர்" என்பதும் வேதாகமத்தின் உபாகமம் 12:23இன் சொல்லே. இரத்தத்தைப் புசிக்கலாகாது என்பதற்குக் காரணமாக அங்கே சொல்லப்பட்டதை, அவன் புசிப்பதற்குக் காரணமாக்கிக்கொள்கிறான்.

பிரபுவை எதிர்ப்பவர்களுக்கு வழிகாட்டும் பேராசிரியர் வான் ஹெல்சிங் நற்கருணை அப்பத்தைப் பிசைந்து கல்லறைக் கதவின் இடுக்குகளை அடைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கட்டுரையாளரின் குற்றச்சாட்டு அவ்விடத்தில் நியாயமானதே. எனினும் அதே அப்பம் பட்டு நெற்றியில் சூடுபட்ட மீனாதான், பிரபுவை வேட்டையாடப் புறப்படும் ஆண்களிடம், எல்லாரிலும் மிகவும் பரிதாபத்துக்குரிய ஆத்துமா அவனுடையதே என்று மன்றாடுகிறாள். அவன் மடியும் கணத்தில் முகத்தில் சமாதானம் தெரிந்ததென்று மகிழ்ந்து எழுதுபவளும் அவளே. வெறும் தாயத்துக் கதையில் இந்த இரக்கத்துக்கு இடமேது?

கட்டுரையாளர் இப்பகுதிகளை மீண்டும் படித்து, தம் கருத்தைத் தங்கள் இதழிலேயே விரிவாக எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை