பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவைக்கு: வெள்ளிக் கேபிள் கொள்முதலை நிறுத்திவையுங்கள்

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவையினர் அனைவருக்கும் வணக்கம்.

கணினி அறையின் 20 ஹெட்போன்களுக்கும் 189 ரிங்கிட் விலையில் வெள்ளிக் கம்பிக் கேபிள் வாங்கப்போவதாகச் சுற்றறிக்கை வந்தது. மொத்தம் 3,780 ரிங்கிட். அந்தக் கொள்முதலை நிறுத்திவையுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

விற்பனையாளர் காட்டிய செயல்விளக்கத்தில் வித்தியாசம் கேட்டது உண்மைதான். பழைய கேபிளில் காணாமல் போன குரல் புதியதில் கணீரென்று வந்தது. ஆனால் அவர் ஒப்பிட்டது செம்பையும் வெள்ளியையுமா? அறுந்த கேபிளையும் அறாத கேபிளையும் அல்லவா! கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரணச் செப்புக் கேபிளைச் செருகியிருந்தாலும் அதே குரல் அப்படியேதான் வந்திருக்கும்.

பிள்ளைகள் படும் பாட்டைக் கொஞ்சம் பாருங்கள். 3.5 மில்லிமீட்டர் பிளக்கின் கழுத்தில் கேபிள் நாள்தோறும் மடங்குகிறது. அங்கே இரு காதுக்கும் பொதுவாக மின்சாரம் திரும்பும் கிரவுண்ட் கம்பி அறுந்துவிட்டால், இடம் வலம் இரண்டிலும் ஒரே மாதிரி பதிவான ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். பாடம் வாசிப்பவரின் குரல் நடுவில் பதிவானது, ஆகவே குரல்தான் முதலில் போகும். பின்னணி இசையும் எதிரொலியும் மட்டும் மிஞ்சும். பிளக்கை விரலால் ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால் குரல் திரும்பும், விரலை எடுத்தால் மறையும். ஒரு கையில் பிளக், மறு கையில் பென்சில் என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் ‘கேட்டல் பயிற்சியில் கவனம் போதாது’ என்று குறிப்பு எழுதப்படுகிறது. கவனம் போதாதது யாருக்கு என்பதைச் செயலவையின் முடிவுக்கே விட்டுவிடுகிறோம்.

வெள்ளி செம்பைவிட நன்றாக மின்சாரம் கடத்தும், மறுக்கவில்லை. எவ்வளவு? ஏறத்தாழ 6 விழுக்காடு. 0.32 மி.மீ. தடிமன் உள்ள 1.2 மீட்டர் செப்புக் கேபிளுக்குப் போக வர மின்தடை சுமார் 0.5 ஓம், வெள்ளியில் சுமார் 0.47. 32 ஓம் ஹெட்போனில் இந்த வித்தியாசம், ஒலியளவைக் குறிக்கும் டெசிபெல் கணக்கில், 0.01 டெசிபெலுக்கும் குறைவு. ஒலி 1 டெசிபெல் அளவுக்கு மாறினால்தான் பெரும்பாலோருக்குத் தெரியவே தெரியும். காதுக்குள் செருகும் சில பல்டிரைவர் வகைகளில், அதாவது ஒரே காதில் பல குட்டி ஒலிபெருக்கிகள் உள்ளவற்றில், மின்தடை அதிர்வெண்ணுக்கேற்ப மிகவும் ஏறி இறங்கும். அங்கே மெல்லிய கேபிள் தொனியைச் சற்று மாற்றக்கூடும். நம் பள்ளியில் இருப்பவை அந்த வகை அல்ல.

ஒலி உண்மையாகவே மாறும் இடம் காதுமெத்தை. நம் ஊர் ஈரக்காற்றில் செயற்கைத் தோல் உரிந்து, மெத்தைக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி விழும். கனத்த ஒலி அப்படியே கசிந்துவிடும். எந்தக் கேபிளும் அதைத் திருப்பித் தராது.

முதலில் சோதியுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும், பிறகு நடு வளையத்திற்கும் அடிப்பகுதிக்கும் அளந்தால் 32க்கு அருகே காட்ட வேண்டும். கேபிளை வளைக்கும்போது எண் தாவினால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. பிளக்கிலிருந்து 3 செ.மீ. தள்ளி வெட்டிப் புதிய பிளக் போடலாம். பிளக்கின் மூடியை முதலிலேயே கேபிளில் கோத்துவிட வேண்டும். மறந்தால் பற்றவைத்ததைப் பிரிக்க வேண்டிவரும். இழைகளின் எனாமல் பூச்சைச் சூட்டுமுனையில் ஈயத்தோடு கருக்கி எடுக்காவிட்டால், ஈயம் பளபளவென்று ஒட்டியிருக்கும், மின்சாரம் மட்டும் போகாது. நுனி இடது, வளையம் வலது, அடி கிரவுண்ட்.

கேபிள் 100 மணி நேரம் ஓடிய பிறகே ‘திறக்கும்’, அதாவது ஒலி முழுமையாகத் தெளியும், என்றும் விற்பனையாளர் சொன்னாராம். வாரம் அரை மணிப் பயிற்சி என்றால் 200 வாரம் வேண்டும். முதலாம் ஆண்டுப் பிள்ளை ஐந்தாம் ஆண்டுக்குப் போகும்வரை காத்திருக்கட்டும் போல! அதே அறையில் கூரை ஒழுகும் இடத்தில் இன்னும் வாளிதான் நிற்கிறது. அதற்கும் யாராவது வெள்ளி வாளி விற்க வருவார்களோ என்னவோ.

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26 நாள் வேலை என்று வைத்தால், செம்பனைக் குலை வெட்டுபவருக்கு ஒரு கேபிள் ஏறத்தாழ மூன்று நாள் கூலி. ஆகவே கொள்முதலை நிறுத்திவையுங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்கிறோம்.

இல்லை, வெள்ளியேதான் வேண்டும் என்றால், அடுத்த கூட்டத்தில் ஒரு சோதனை வையுங்கள். ஒரே ஹெட்போன், ஒரே ஒலியளவு, புதிய செப்புக் கேபிள் ஒன்று, வெள்ளிக் கேபிள் ஒன்று. கேட்பவருக்கும் அவர் எதிரில் நிற்பவருக்கும் எது எது என்று தெரியக்கூடாது. நாணயம் சுண்டி வரிசையை முடிவு செய்து 16 முறை கேட்கச் சொல்லுங்கள். வெறும் ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. விற்பனையாளரே வந்து கேட்கலாம். அதுவரை முன்பணம் எதுவும் கொடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டாரப் பெற்றோர் சிலர்