எம்.பி.ஏ.வுக்கு முன் சில ஆண்டுகள் வேலை அவசியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் எம்.பி.ஏ. படிப்பைப் பற்றி வெளியான கட்டுரையை வாசித்தேன். நுழைவுத் தேர்வு, கல்விக் கடன், படித்து முடித்தபின் கிடைக்கும் சம்பளம் என எல்லாவற்றையும் விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, இளநிலைப் பட்டம் வாங்கிய கையோடு எம்.பி.ஏ.வில் சேர்ந்துவிடுவதே நல்லது என்று முடிந்திருந்தது. ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அதன்பின் இப்பட்டத்தைப் படித்தவள் என்ற முறையில், அந்தக் கருத்தை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

இப்படிப்பு நடத்தப்படும் விதத்தை முதலில் பார்க்க வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1908-இல் எம்.பி.ஏ. தொடங்கப்பட்டது. 1919-இல் அதன் வணிகப் பள்ளிக்குத் தலைவராக வந்த வாலஸ் டோன்ஹாம் சட்டம் பயின்றவர். சட்ட மாணவர்கள் பழைய வழக்குகளைப் பிரித்துப் பார்த்துப் படிப்பதைப் போலவே, ஒரு நிறுவனம் உண்மையில் சந்தித்த சிக்கலை மாணவர்கள் முன் வைத்து, நீங்களாக இருந்தால் என்ன முடிவெடுப்பீர்கள் என்று கேட்கும் முறையை அவர்தான் அங்கே வேரூன்றச் செய்தார். இன்று கேஸ் ஸ்டடி என்ற பெயரில் உலகெங்கும் நடப்பது அதுதான். இத்தகைய வகுப்பில் பேராசிரியர் விடையைச் சொல்லிவிட்டுப் போவதில்லை. மாணவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும். விற்பனையில் இருந்தவர், மருத்துவமனை நிர்வாகத்தில் இருந்தவர், வங்கியில் கடன் பிரிவைப் பார்த்தவர் என்று பலரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அந்த வகுப்புக்கு உயிர் வரும்.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அன்றைய கேஸில் வந்த நிறுவனத்துக்கு விற்பனை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. லாப நட்டக் கணக்கில் நல்ல லாபமும் இருக்கிறது. ஆனால் அடுத்த மாதச் சம்பளத்துக்குக் கையில் பணம் இல்லை. கல்லூரியிலிருந்து நேராக வந்திருந்த தோழர்கள் கணக்கில் என்னைவிடப் பல மடங்கு கெட்டிக்காரர்கள். நிறுவனத்தின் நிதிநிலையைக் காட்டும் எல்லா விகிதங்களையும் பிழையின்றிப் போட்டு முடித்துவிட்டார்கள். "சரி, பணம் எங்கே போயிற்று?" என்று பேராசிரியர் கேட்டபோது அறை அமைதியானது. வாடிக்கையாளர்கள் 90 நாள் கழித்துப் பணம் தருகிறார்கள், மூலப்பொருளுக்கோ 30 நாளில் கட்ட வேண்டியிருக்கிறது. இடையில் உள்ள 60 நாளை அந்நிறுவனம் தன் கைப்பணத்தால் தாங்கியாக வேண்டும், விற்பனை பெருகப் பெருக அந்தப் பள்ளமும் பெருகும். இதை நான் எழுந்து சொன்னதற்குக் காரணம், பணம் தர வேண்டிய பில்களை வைக்க என் அலுவலக மேசையில் இருந்த தட்டுதான். பணம் கொடுப்பதை இழுத்தடிப்பதையே கொள்முதல் பிரிவில் திறமை என்பார்கள். வியாழக்கிழமைதோறும் ஒரு சிறு பட்டறைக்காரர் போன் செய்து, "மேடம், பில் பாஸ் ஆயிடுச்சுங்களா?" என்று பணிவாகக் கேட்பார்; "அடுத்த வாரம் பாருங்கள்" என்று வைத்துவிடுவேன். நான் நிறுத்தி வைத்த அந்தக் காகிதங்கள் அவருடைய ஆட்களின் சம்பளம் என்பது அன்று வகுப்பில்தான் எனக்கு உறைத்தது. நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடத் தொழிலை ஓட்டத் தேவையான பணம், என்ற பாடத்தை அதன்பின் நான் மறக்கவே இல்லை. அந்த ஆறு ஆண்டுகள் இல்லாமல் போயிருந்தால், தேர்வுக்காக ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்திருப்பேன், அவ்வளவுதான்.

கல்வி நிறுவனங்களும் இதை அறிந்தே வைத்திருக்கின்றன. ஹார்வர்டின் 2+2 திட்டத்தில் கல்லூரி இறுதியாண்டு மாணவர்களுக்கே இடம் ஒதுக்கப்படுகிறது. ஆனால் அவர்கள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகே வகுப்பில் சேர முடியும். எம்.பி.ஏ. படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அம்பா அமைப்பும், சேருபவர்களுக்குப் பட்டத்துக்குப் பிந்தைய மூன்று ஆண்டுப் பணி அனுபவத்தை எதிர்பார்க்கிறது. வேலைக்குப் போகாமலே மேலாண்மை படிக்க விரும்புகிறவர்களுக்கென்று ஐரோப்பாவில் மாஸ்டர்ஸ் இன் மேனேஜ்மென்ட் என்ற தனிப் பட்டமே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பாவிப்பதால்தான் பல பெற்றோர் ஏமாந்து போகிறார்கள்.

வேலைக்குப் போய்ச் சம்பளத்துக்குப் பழகிவிட்டால் மீண்டும் புத்தகத்தை எடுக்க மனம் வராது, குடும்பப் பொறுப்பும் வந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சம் நியாயமானது, நானும் பட்டிருக்கிறேன். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. எம்.பி.ஏ. சேர்க்கைக்கு உலகெங்கும் ஏற்கப்படும் ஜிமேட் நுழைவுத் தேர்வின் மதிப்பெண் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், படிக்கும் பழக்கம் விட்டுப்போவதற்குள் தேர்வை எழுதி வைத்துக்கொண்டு, பின்னர் விண்ணப்பிக்கலாம். இரண்டு ஆண்டுச் சம்பளத்தை இழக்க முடியாதவர்களுக்கு பிரான்சின் இன்சியாட் வணிகப் பள்ளியில் இருப்பதைப் போன்ற பத்து மாதப் படிப்புகள் இருக்கின்றன. வேலையை விடாமலே படிக்கும் எக்ஸிக்யூட்டிவ் எம்.பி.ஏ.வை சிகாகோ பல்கலைக்கழகம் 1943-லேயே தொடங்கிவிட்டது.

அடுத்த முறை கல்வி நிறுவனங்களின் தரவரிசையைத் தாங்கள் வெளியிடும்போது, சராசரிச் சம்பளத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடாமல், சேர்ந்தவர்களின் பணி அனுபவம் எத்தனை ஆண்டு, படித்து முடித்த மூன்று மாதங்களுக்குள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பள விவரம் தந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் அருகிலேயே அச்சிடும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். பெரும் சம்பளம் பெற்ற இரண்டு மூன்று பேரால் சராசரி எவ்வளவு உயர்ந்துவிடும் என்பதைக் கல்விக் கடன் படிவத்தில் கையெழுத்திடப்போகும் பெற்றோர் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி