சிட்னி கடையா மெல்பர்ன் கடையா, அக்காவுக்கு ஒரு லெட்டர்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம், அங்க நீ, மாமா, பசங்க, அம்மா எல்லாரும் சுகமா? குன்னூர்ல மழை விடவே இல்லன்னு அம்மா போன்ல சொன்னாங்க, பர்லியார் பக்கம் மண்ணு சரிஞ்சிருந்தா மாமாவ பேசாம கோத்தகிரி வழியாவே மேட்டுப்பாளையம் இறங்கச் சொல்லு.

சிட்னி போயிட்டு வந்தோம்னு சொன்னதுமே சிட்னியா மெல்பர்னா, எந்த ஊர்ல கடை நல்லாருக்குன்னு கேட்ட பாரு, இங்க யார்கிட்டயும் அத கேட்டுடாத, சண்டைக்கு வந்துருவாங்க. ரெண்டு ஊரும் தலைநகரம் எனக்குத்தான்னு மல்லுக்கு நின்னதாலதான் நடுவுல கான்பெரான்னு புதுசா ஒரு ஊரே கட்டுனாங்க, 1927ல அங்க மாத்துற வரைக்கும் பார்லிமெண்ட் எங்க மெல்பர்ன்லதான் நடந்துச்சு. "எங்க" மெல்பர்னாம், என் வாயப் பாரு.

மளிகைக்கு ஒரு வித்தியாசமும் இல்லக்கா. கோல்ஸ் 1914ல மெல்பர்ன்ல ஆரம்பிச்சது, வுல்வொர்த்ஸ் 1924ல சிட்னில ஆரம்பிச்சது, இப்ப ரெண்டும் ரெண்டு ஊர்லயும் எங்க திரும்பினாலும் இருக்கு. 4.99னு விலை போட்டிருப்பான், காசா குடுத்தா 5 டாலரா எடுத்துக்குவான், ஏன்னா 1 சென்ட் 2 சென்ட் காசெல்லாம் 1992லயே எடுத்துட்டாங்க. அப்புறம் நம்ம ஊர்ல ரோட்டோரம் விக்கிற யூகலிப்டஸ் தைலம் இங்க சூப்பர் மார்க்கெட் ரேக்ல அழகா பாட்டில்ல நிக்குது, மரமே இந்த நாட்டுலருந்துதான நம்ம மலைக்கு வந்துச்சு. கைப்பை எடுத்துட்டுத்தான் போகணும், பிளாஸ்டிக் கவர மெல்பர்ன்ல 2019ல நிறுத்துனாங்க, சிட்னில 2022லதான், நீலகிரிக்காரங்களுக்கு அதெல்லாம் பழைய சமாச்சாரம்.

துணிமணி, பாக்க பளபளப்பு, இதுக்கு சிட்னிதான். பிட் ஸ்ட்ரீட் மால்னு ஒரு தெரு, வண்டியே விடமாட்டாங்க, ரெண்டு பக்கமும் கடைதான். பக்கத்துல குயின் விக்டோரியா பில்டிங், 1898ல மார்க்கெட்டா திறந்தது, நடுவுல இடிக்கவே பாத்திருக்காங்க, அப்புறம் மலேசியா கம்பெனி ஒண்ணு செலவு பண்ணி சரி பண்ணி 1986ல திரும்ப திறந்துச்சு. கலர் கண்ணாடி ஜன்னல், மேலருந்து தொங்குற பெரிய கடிகாரம், கால் வைக்கவே கூச்சமா இருக்குற தரை, என் வீட்டுக்காரி அண்ணாந்து அண்ணாந்து பாத்து கழுத்து வலின்னு உக்காந்துட்டா, விலையப் பாத்ததும் எந்திரிச்சிட்டா.

இதே ராணி பேர்ல மெல்பர்ன்லயும் ஒண்ணு இருக்கு, குயின் விக்டோரியா மார்க்கெட், 1878ல திறந்தது, ஆனா இது இன்னைக்கும் நிஜ மார்க்கெட்டாவே இருக்கு. நீளநீளமா ஷெட்டு, ஒரு பக்கம் காய்கறி, ஒரு பக்கம் துணி பெல்ட் செருப்பு, கறிக்கு மீனுக்கு தனி ஹால், ஊரோட நடுப்பகுதிக்குள்ள டிராம் ஃப்ரீங்கறதால அங்கருந்து போக வர செலவே இல்ல. கடை கட்டுற நேரத்துக்குப் போனா போதும், மாம்பழம் பெட்டியோட எடுத்துக்கோன்னு தொண்டை கிழிய கத்துவாங்க, அப்ப நின்னு பேசினா கொஞ்சம் கொறைக்கவும் செய்வாங்க, இந்த நாட்டுல பேரம் பேசி வாங்குற சுகம் எனக்கு அங்க மட்டும்தான் கிடைச்சுது. சிட்னில பேடிஸ் மார்க்கெட்டும் போனோம், மலிவுதான், ஆனா மனசு ஒட்டல. திங்களும் புதனும் மட்டும் எங்க மார்க்கெட் லீவு. ஒண்ணு சொல்றேன் அம்மாகிட்ட சொல்லாத, அந்த இடத்துல ஒரு பகுதி முன்னாடி கல்லறைத் தோட்டம், சுமார் 9,000 பேர் இன்னும் அடியிலயே இருக்காங்களாம், தெரிஞ்சா அம்மா அங்க வாங்குன கேரட்ட தொடக்கூட விடமாட்டாங்க.

நம்ம சாமானுக்கு மட்டும் சிட்னிய ஒத்துக்கணும். பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கமெல்லாம் இலங்கைத் தமிழ் ஆளுங்க நிறைய, கறிவேப்பிலை, முருங்கைக்காய், இடியாப்ப மாவு, எல்லாம் தமிழ்லயே கேட்டு வாங்கலாம். இங்க டாண்டினாங்ல லிட்டில் இந்தியா இருக்கு, இருந்தாலும் எனக்கென்னவோ அந்த அளவு இல்ல. அங்கருந்து பொன்னி அரிசி தூக்கிட்டு வரணும்னு இவ ஒரே பிடிவாதம், கார்ல 900 கிலோமீட்டர் கிட்ட அரிசி மூட்டையோட வந்தோம்.

டிசம்பர் 26 இங்க பாக்சிங் டே சேல், எல்லா கடையிலயும் விலை இறங்கும், மாமாவுக்கு ஜெர்கின் அன்னைக்குத்தான் வாங்கப் போறேன். பசங்க ரெண்டு பேர் கால் அளவையும் பேப்பர்ல வரைஞ்சு போட்டோ அனுப்பு, போன தடவ மாதிரி "கொஞ்சம் பெருசா வாங்கு"ன்னு மட்டும் சொல்லாத.

இப்படிக்கு
உன் தம்பி