பெயின்ட் முடியும் இடத்தைப் பார்

மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு, வாக்கர் பிடித்து வாசல்வரை நடக்கிறார், அந்த அலைச்சலில்தான் பதில் தள்ளிப்போனது. நீ மறுபடி சைக்கிள் மிதிக்க ஆரம்பித்திருக்கிறாய், காலையில் சிறுவாணி ரோட்டில் போய்விட்டு வருகிறாய் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தப் பக்கம் காற்றே வேறு. இங்கே ஈசிஆரில் அஞ்சு மணிக்குக் கிளம்பினாலும் கோவளம் தாண்டுவதற்குள் சட்டை நனைந்துவிடுகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 50,000 ரூபாய்க்குள் சீனாவிலிருந்து நேராக ஒரு கார்பன் சைக்கிள் ஃப்ரேம், படத்தில் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்கலாம், நானே அப்படி ஒன்றை நாலு வருஷமாக ஓட்டுகிறேன். ஆனால் அந்தப் பளபளப்பை வைத்து மட்டும் முடிவு பண்ணாதே. பெயின்டுக்கும் உள்ளே இருக்கிற கார்பனுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

ஃப்ரேம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது புரியும். ரெசின் என்கிற, சூட்டில் இறுகும் பசையில் ஊறிய கார்பன் இழைத் தாளை, அதைத்தான் ப்ரீப்ரெக் என்கிறார்கள், நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் இந்தக் கோணத்தில் இந்த இடத்தில் என்று கையால் ஒட்டி அடுக்குகிறார்கள். நடுவில் ஒரு பலூன் மாதிரிப் பை. எல்லாவற்றையும் இரும்பு அச்சுக்குள் வைத்து மூடி, சூடேற்றி, பைக்குள் காற்றழுத்தம் கொடுத்தால் அடுக்குகள் அச்சின் சுவரோடு நெருக்கிப் பிடித்து இறுகும். அந்த அழுத்தம் எல்லா மூலைக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை என்றால் அங்கே அடுக்கு மடிந்து சுருக்கம் விழும், இல்லையென்றால் ரெசின் மட்டும் குளம் கட்டி நிற்கும், நடுவில் காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும். முன் முக்கோணத்தைத் தனியாகவும் பின் பகுதியைத் தனியாகவும் வார்த்துப் பசை போட்டு ஒட்டுவதுதான் பெரும்பாலும் வழக்கம். அச்சிலிருந்து வெளியே வந்ததும் மேலே தெரிகிற ஊசித் துளைகளையும் ஒட்டிய கோட்டையும் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமர், கலர், எழுத்து, கடைசியில் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத மேல்பூச்சு. நம்ம ஊர் டிங்கரிங் பட்டறையில் அடி வாங்கிய கார் கதவைப் புதுசாக்குகிற அதே வேலைதான். பெயின்டர் கெட்டிக்காரர் என்றால் சுமாரான வார்ப்பும் ஷோரூம் சரக்கு மாதிரி வந்து நிற்கும்.

விளம்பரத்தில் டோரே டி800, டி1000 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. டோரே ஜப்பான் கம்பெனி, இழை தயாரிக்கிறார்கள், இழை நல்லதுதான். டி700-இன் விறைப்பு 230 கிகாபாஸ்கல், டி800-க்கு 294. ஆனால் மொத்த ஃப்ரேமும் ஒரே இழையில் செய்யப்படுவதில்லை, எங்கே எது, எத்தனை அடுக்கு, எந்தக் கோணம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதை ஸ்டிக்கர் சொல்லாது. வெறும் டி700-ஐ ஒழுங்காக அடுக்கிய ஃப்ரேம், டி1000 பெயர் போட்டு அவசரமாக அடுக்கிய ஃப்ரேமைவிட எவ்வளவோ மேல்.

என் ஃப்ரேம் வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். டப்பாவைப் பிரித்ததும் கரும்பச்சை நிறம், வெயிலில் பிடித்தால் உள்ளே பொன்துகள் மினுக்கியது, என் மகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பின் பிரேக் காலிபரை மாட்டினேன், டிஸ்க் உரசிக்கொண்டே இருந்தது. எத்தனை தடவை போல்ட்டைத் தளர்த்தி நேராக்கினாலும் முறுக்கினவுடன் மறுபடி சாய்ந்துவிடுகிறது. கழற்றிவிட்டு விரலால் தடவினேன். காலிபர் உட்காரும் சமதளத்தில், போல்ட் துளைக்குப் பக்கத்தில், கிளியர் கோட் ஒரு சொட்டு வழிந்து அப்படியே காய்ந்திருந்தது. அரிசியில் பாதி அளவுதான் இருக்கும். பெயின்ட் அடிக்கும்போது அந்த இடத்தை டேப் ஒட்டி மறைத்திருக்க வேண்டும், மறைக்கவில்லை. பிளேடை ஏறக்குறையப் படுக்க வைத்து, கார்பனைத் தொடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க அரைமணி நேரம் ஆனது. அதன்பிறகு உரசல் சுத்தமாக நின்றது. அன்றிலிருந்து எந்த ஃப்ரேமைப் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது பெயின்ட் முடியும் இடங்களை. பேரிங் உட்காரும் இடம், சக்கரம் மாட்டும் பள்ளம், பெடல் அச்சு சுழல்கிற பாட்டம் பிராக்கெட்டின் மரை, இங்கெல்லாம் டேப் ஒட்டி நறுக்கென்று நிறுத்தியிருந்தால் அந்தப் பட்டறையில் யாரோ பொறுப்பாக வேலை செய்திருக்கிறார்கள் என்று நம்பலாம்.

பாட்டம் பிராக்கெட் பற்றி ஒன்று. முடிந்தால் மரை போட்டதையே வாங்கு. அழுத்திப் பொருத்துகிற வகையில் அந்தத் துளை 41 மில்லிமீட்டர் என்றால் 41தான் இருக்க வேண்டும், வட்டமாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். குறைந்த விலை ஃப்ரேமில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பிசகினால் மிதிக்க மிதிக்க டக் டக் என்று சத்தம், பேரிங்கும் சீக்கிரம் போகும். வெர்னியரை இரண்டு திசையில் வைத்து அளந்தால் முட்டை வடிவமா என்று நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கிளியர் கோட்டில் மயிரிழை மாதிரிக் கோடு தெரிந்தால் பதறாதே, அதே சமயம் விட்டும்விடாதே. போன வருஷம் என் ஃப்ரேமில் சீட் டியூப், அதாவது சீட்டைத் தாங்கும் குழாய், சேரும் இடத்தில் ஒரு கோடு வந்தது. காசால் லேசாகத் தட்டிக்கொண்டே போனேன், நல்ல இடத்தில் கிணுங்கென்று கேட்கும், உள்ளே பிரிந்திருந்தால் மொத்தென்று கேட்கும். எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டது, ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்த இடத்தில் மட்டும் பெயின்டைத் தேய்த்து எடுத்துப் பார்த்தேன். பட்டி தடிமனாக இருந்த இடத்தில் அதுதான் வெடித்திருந்தது, கீழே கார்பனில் ஒன்றுமில்லை. அந்தப் பெருமூச்சு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஃபோர்க்கிலோ ஹேண்டில்பாரிலோ இப்படிக் கோடு வந்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன், மாற்றியிருப்பேன். பெரிய பிராண்டுகளுக்கும் இது விலக்கில்லை. 2021 மார்ச்சில் பெல்ஜியத்தில் லெ சாமின் பந்தயத்தில் நெதர்லாந்து வீரர் மாத்யூ வான் டெர் போலின் ஹேண்டில்பாரே ஓட்டத்தின் நடுவில் உடைந்தது.

எனக்கு இருக்கிற கடல் காற்று உனக்கு இல்லை, ஆனால் வியர்வை உண்டு. பாட்டில் கூடு மாட்டுகிற அலுமினிய மரையும் கார்பனும் உப்புத் தண்ணியில் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூக்கும், அது ஊதிச் சுற்றியுள்ள பெயின்டைக் கொப்புளமாகத் தூக்கும். நடுவில் ஒரு கண்ணாடி இழை அடுக்கு வைத்தால் இது வராது, செலவைக் குறைக்கிறவர்கள் இதை விட்டுவிடலாம். ஓட்டிவிட்டு வந்ததும் ஈரத்துணியால் துடைத்து வை, மாதம் ஒருமுறை போல்ட்டைக் கழற்றி கிரீஸ் தொட்டுப் போடு.

நிறம் பற்றிக் கேட்டிருந்தாய். கலரே வேண்டாம், கார்பன் தெரிகிற மாதிரி வெறும் கிளியர் கோட் மட்டும் அடித்ததை வாங்கு. அதில் பட்டி பூசி மறைக்க முடியாது, எடையும் குறையும். கிளியர் கோட்டே இல்லாததை மட்டும் தொடாதே, வெயில் ரெசினைக் கெடுத்துவிடும். அப்புறம் சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4210 சோதனை அறிக்கை இருக்கிறதா என்று விற்பவரிடம் கேள். அதில் மிதிக்கிற விசையை 1 லட்சம் முறை கொடுத்துப் பார்ப்பார்கள். அறிக்கையில் நீ வாங்குகிற மாடலின் பெயர்தான் இருக்கிறதா என்று சரிபார், வேறு மாடலுக்கு வாங்கியதை அனுப்பிவிடுவார்கள்.

பார்சல் வந்ததும் எதையும் மாட்டிவிடாதே. சீட் போஸ்ட் துளை வழியாகவும் பாட்டம் பிராக்கெட் வழியாகவும் போன் டார்ச்சை அடித்து உள்ளே வீடியோ எடுத்து எனக்கு அனுப்பு. உள்சுவர் வழுவழுப்பாக இருக்கிறதா, மடிப்பு இருக்கிறதா, பை கிழிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று உட்கார்ந்து பார்ப்போம். பழுது தெரிந்தால் எதையும் மாட்டாமல் வந்தபடியே திருப்பி அனுப்பிவிடலாம், ஒரு போல்ட் போட்டுவிட்டால் அதற்கு ஆயிரம் பேச்சு.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பொங்கலுக்கு இங்கே வருவதாக இருந்தால் முன்னாலேயே எழுது, அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

உன் பழைய ரூம்மேட்