மண்டபத்துக்கு எந்தச் செலவு முதலில்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா

அன்பு மகளுக்கு,

டோங்காட் கோயில் மண்டபத்துக்காகக் கமிட்டிக்கு வந்திருக்கும் நான்கு செலவு மதிப்பீடுகளையும் பார்த்தேன்: டீசல் ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, சோலார், ஓடைக்கரையில் கான்கிரீட் சுவர். வெள்ளத்துக்கு ஒரு பட்ஜெட், கரியமில வாயுவைக் குறைக்க ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று என்று பிரித்தால் எதற்கும் பணம் போதாது. ஒரே ரேண்ட் இந்த மூன்றில் எத்தனை வேலை செய்யும், அதனால் யார் தலையில் பாரம் விழும் என்று கேட்டுவிட்டு ஓட்டுக்குக் கையைத் தூக்குங்கள்.

2022 பிப்ரவரி 28 அன்று ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொன்னது. அதைத் தயாரித்த பணிக்குழுவின் இணைத் தலைவர்களில் ஒருவரான டெப்ரா ராபர்ட்ஸ் டர்பன் நகராட்சியில் வேலை பார்த்தவர். ஆறே வாரத்தில் அவருடைய ஊரிலேயே வெள்ளம் வந்து, நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். 40 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்த்த மழை, பூமி சூடானதால் இப்போது சுமார் 20 ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று விஞ்ஞானிகள் பிறகு கணக்கிட்டார்கள். மண்டபத்தின் ஆயுளில் இன்னும் ஒன்றிரண்டு தடவையாவது வரும் என்று வைத்தே செலவு செய்யுங்கள்.

ஓடைக்கரைச் சுவரை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடு. நான்கில் அதற்குத்தான் அதிக சிமெண்ட், அதாவது அதிக உமிழ்வு. தண்ணீரை அது நிறுத்தாது, வேகத்தைக் கூட்டிக் கீழே தள்ளும். கீழே இருப்பது குடிசைப் பகுதி. சுவரின் அடிமண்ணை ஓடை அரித்தால் இரண்டு மூன்று பருவத்தில் அதுவே சாயும். பதிலாகக் கரைச்சரிவைத் தணித்து, உண்ணிச்செடியை வேரோடு எடுத்து, வெட்டிவேரும் நம் ஊர் நாணலும் நெருக்கமாக நடலாம். பெருமழைக்கு முன் வேர் இறங்க வேண்டும் என்பதால் முதல் மழை விழுந்ததும் நட்டுவிடுங்கள். களையெடுப்பு, நடவு, சிறுபாலத்தில் சிக்கும் பிளாஸ்டிக்கை அள்ளுவது எல்லாவற்றையும் கீழே இருப்பவர்களுக்கே கூலி வேலையாகக் கொடுங்கள். டர்பன் நகராட்சி ‘சிஹ்லான்ஸிம்வேலோ’ திட்டத்தில் கூட்டுறவுக் குழுக்களை வைத்து ஓடைகளை இப்படித்தான் பராமரிக்கிறது. ஓடை நிரம்பி வழிவதற்குப் பாதிக் காரணம் அடைத்துக்கொண்ட சிறுபாலம்தான், அதைச் சரிசெய்யச் சுவர் எதற்கு?

தொட்டி வெள்ளத்தைத் தடுக்கும் என்று கமிட்டியில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். மண்டபக் கூரை 200 சதுர மீட்டர் என்றால் 25 மில்லிமீட்டரிலேயே 5,000 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டி நிரம்பிவிடும். 2022இல் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டர் பெய்தது. அது 60,000 லிட்டர். ஆகவே தொட்டி வெள்ளத்தைத் தடுக்காது. ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு உதவும். அந்த ஆண்டு டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, ஊர் பல மாதம் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்ததை நீ அறிவாய். ஆடிக்கூழும் புரட்டாசிச் சனியும் நமக்கு வறண்ட காலத்தில், அல்லது அதன் கடைசியில் வருகின்றன. தேவை கூடும்போது தொட்டி காலியாக இருக்கும். அதனால் இரண்டு தொட்டி வாங்கி, ஒன்றை வைகாசியிலிருந்து தொடாமல் வையுங்கள்.

நிரம்பிய தொட்டி 5 டன் எடை. புதிதாக நிரவிய மண்ணில் வைத்தால் ஒரு பக்கம் இறங்கிக் குழாய் இணைப்பு பிளக்கும். கம்பி வலை போட்ட 100 மில்லிமீட்டர் கான்கிரீட் தளம் வேண்டும். முதல் 100 லிட்டர் கூரை அழுக்கோடு வருவதால், அதை ஒதுக்க ஒரு நிற்குழாய் வையுங்கள். வழிந்தோடும் நீரை மண்டபச் சுவரோரம் விடவே கூடாது. கடலோர மேட்டுச் செம்மணல் காய்ந்தால் கல், நனைந்தால் கஞ்சி! கூரைத் தண்ணீரைக் குடிப்பதானால் கொதிக்க வைத்த பிறகுதான்.

ஜெனரேட்டரா சோலாரா என்ற சண்டை தேவையில்லாதது. டீசல் லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. அதைவிட, சாலை உடைந்தால் டீசல் வந்து சேராது. 5 கிலோவாட் சோலார் நாளுக்குச் சராசரியாக 20 யூனிட் தரும். நம் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் வருவதால் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ உமிழ்வு மிச்சம். ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள்: பேட்டரி இல்லாத சாதாரண இன்வெர்ட்டர், லைன் போனதும் தானும் நின்றுவிடும். லைன்மேன் உயிருக்காக அப்படிச் செய்கிறார்கள். ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் கேளுங்கள். பேட்டரி தரையில் வேண்டாம், பழைய வெள்ளக் கோட்டுக்கு மேலே சுவரில் மாட்டுங்கள். பம்பு, விளக்கு, போன் சார்ஜ், மருந்து வைக்கும் குளிர்பெட்டி மட்டும் அதில் ஓடட்டும். கீஸரைத் தனியே வெயிலில் சூடாக்குங்கள், 150 லிட்டரை 20இலிருந்து 60 டிகிரிக்கு ஏற்றவே 7 யூனிட் போகும். பலகைகள் வடக்கு பார்க்கட்டும். உப்புக்காற்றுக்கு எவர்சில்வர் போல்ட்டு.

கடைசியாக, செலவே இல்லாத ஒன்று. டர்பனில் பால்மியட் ஆற்றங்கரைக் குவாரி ரோடு குடியிருப்பில் ஆற்று மட்டத்தை வாட்ஸ்அப்பில் சொல்லும் ஏற்பாடு 2022இல் உயிர்களைக் காத்தது. மேலே ஒருவர் பார்க்க வேண்டும், கீழே இருவர் கதவு தட்ட வேண்டும், இரவில் மண்டபத்தின் சாவி யாரிடம் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். கீழே இருப்பவர்களில் இருவரைக் கமிட்டியிலேயே சேர்க்கச் சொல். பெரியவர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

ஞாயிறு கூட்டத்துக்கு முன் மூன்றை அளந்து அனுப்பு: கூரையின் நீள அகலம், 2022 வெள்ளம் சுவரில் விட்ட கோட்டின் உயரம், சிறுபாலக் குழாயின் விட்டம். கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸா என்றும் பார்த்துச் சொல். ஆமென்றால் துளை போட விடாதே, அதன் விலை வேறு கணக்கு.

அன்புடன்,
அப்பா